பின்னறைக்கு எட்டாத வைஃபை

குவைத்தில் நான் வேலை செய்யும் வீட்டில், சமையலறை ஜன்னலுக்குக் கீழே போய் நின்றால் சோறு வரும். கேட்க வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும். நான் அந்த வீட்டு டிரைவர். எனக்கு அறை வெளியே, காம்பவுண்டு சுவரை ஒட்டி, கேட்டுக்குப் பக்கத்தில். வைஃபை பெட்டி இருப்பதோ மாடியில். அது என் அறை வரைக்கும் எட்டாது. சமையலறை ஜன்னலுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் கிடைக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து விட்டு, வண்டியைத் துடைத்துவிட்டு, தினமும் அங்கே போய் நின்று, திருத்தணியில் இருக்கும் என் வீட்டுக்கு வீடியோ கால் போடுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் உள்ளேயிருந்து ரத்னம்மா ஒரு தட்டோடு வந்தாள். ரத்னம்மா அங்கே சமையல் வேலை செய்பவள், கடப்பாப் பக்கம். தட்டு நிறைய மசாலா சோறு, மேலே கோழி. ஏதோ விசேஷம் போல என்று வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வேண்டாம் என்று நெஞ்சில் கையை வைத்துக் காட்டினால், ஜன்னலுக்குள் நின்றிருந்த மேடம் நான் கூச்சப்படுவதாக நினைத்து இன்னொரு துண்டு வைக்கச் சொன்னார். நம் ஊரில் வீட்டுப் பின்பக்கம் ஒருவன் தினமும் வந்து நின்றால் 'யார்றா அது' என்றுதான் முதலில் கேட்போம். இங்கே அப்படிக் கேட்கவில்லை. பசி என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள்.

போனில் தட்டைப் பார்த்துவிட்டு என் மனைவி சாந்தி பிடித்துக்கொண்டாள்.

“இன்னாங்க, எப்பப் பார்த்தாலும் சமையக்கட்டாண்டயே நிக்கிறீங்க? அந்தம்மா இன்னா நெனைக்கும்?”

“நான் சோத்துக்கு நிக்கலடி. உன் மூஞ்சியப் பாக்க நிக்கிறேன்.”

“ஆங், கோழியக் கடிச்சிகினே சொல்லுங்க.”

கடைசியில் ரத்னம்மாவே ஒரு நாள் தெலுங்கில் கேட்டுவிட்டாள், “ரோஜூ ஆகலேனா அன்னா?” தினமும் பசிதானா அண்ணா என்று. திருத்தணிக்காரனுக்குத் தெலுங்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் நிற்பது சோற்றுக்காக இல்லை, வைஃபைக்காக என்று அவள் பாஷையிலேயே சொன்னேன். அவள் உள்ளே போய் அரபியில் சொன்னாள். சமையலறையே சிரித்தது. சில நாள் கழித்து எகிப்துக்காரர் ஒருவர் சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றோடு வந்தார். ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்று அதற்குப் பெயர். இதைப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், எனக்கு அன்றுதான் தெரியும். நேராகச் சுவர் பிளக்கில் சொருகுவது. வீட்டு வைஃபையை வாங்கி, அது எட்டாத இடத்துக்குத் தள்ளிவிடும். நான் ஆசையாக என் அறையில் இருந்த பிளக்கைக் காட்டினேன். அவர் “மாஃபி, மாஃபி” என்றார். இல்லை, இல்லை என்று அர்த்தம். எனக்குப் புரியவில்லை. வைஃபை வராத இடம் இதுதானே, இங்கே வைக்காமல் வேறு எங்கே வைப்பார் என்று மறுபடியும் அதே பிளக்கைக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் முற்றத்து நடுவில் நிறுத்தினார். தான் தூரத்தில் போய் நின்று வாயை மட்டும் அசைத்தார், காதில் கையை வைத்து 'கேட்கிறதா' என்று ஜாடை காட்டினார். பிறகு கிட்ட வந்து சத்தமாகப் பேசி, என்னைத் திரும்பி என் அறையைப் பார்த்துக் கத்தச் சொன்னார். நானும் கத்தினேன். அப்போதுதான் புரிந்தது. காது கேட்கிற இடத்தில் நிற்பவன்தான் அடுத்தவனுக்குச் சொல்ல முடியும். பாதி வழியில், துணி துவைக்கும் அறையில் பெட்டியைச் சொருகிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் அறையிலேயே வைஃபை கிடைத்தது. அன்றிலிருந்து தட்டும் வரவில்லை. நின்றால்தானே வரும்.

அப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் போல இங்கே வந்து கிடக்கிறவர்கள் படித்தாலும் சரி. நான் பத்தாவதோடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் யாமினியைப் பற்றி இதில் வருகிறது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதிக்கோ நைனா, ஆனா படிக்கறவங்க அழுவற மாதிரி எழுதாத” என்றாள். முடிந்தவரை பார்க்கிறேன்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். முன்னறை, கூடம், சமையலறை, அதைத் தாண்டிப் பின்னறை. முன்பக்கமெல்லாம் நான் குவைத்துக்கு வந்த பிறகு கட்டியது. பின்னறை மட்டும் பழசு, கருங்கல் சுவர். கேபிள்காரர் வந்து வைஃபை பெட்டியை முன்னறையில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விட்டார். யாமினி படிப்பதும் படுப்பதும் பின்னறையில். நான் முதல் தடவை விமானம் ஏறியபோது அவள் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை, இடுப்பில் தூக்கிவைத்திருந்த குழந்தை. இப்போது காலேஜ் கடைசி வருஷத்துக்கு வந்துவிட்டாள். நடுவில் இருந்ததெல்லாம் போனில்தான். லீவுக்கு வந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருஷம்கூடத் தேறாது.

தினமும் இப்படித்தான் நடக்கும். சாந்தி பேசிவிட்டுப் போனை அவளிடம் கொடுப்பாள். “சாப்ட்டியா?” என்பேன். “ஆங்” என்பாள். “படிச்சியா?” “ஆங்.” “இன்னா கொழம்பு?” “அம்மாவக் கேளு நைனா.” பிறகு போனை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பிப்பாள். டி.வி. தெரியும், காலண்டர் தெரியும், ஃபிரிட்ஜ் தெரியும், அப்புறம் பின்னறை வாசற்படி. அங்கே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். என் பக்கத்தில் அவள் மோவாயோ, மேலே இருக்கும் ஃபேனோ அப்படியே நின்றிருக்கும். கொஞ்ச நேரத்தில் கட் ஆகிவிடும். மறுபடி கூப்பிட்டால் சாந்திதான் எடுப்பாள். “அந்தக் கல்லு செவுத்துக்குள்ள போவாதுங்க, இன்னா பண்றது” என்பாள். எனக்கு அந்தச் சுவர் மேல் அவ்வளவு கோபம். அது மட்டும் இல்லையென்றால் என் மகள் என்னிடம் பேசுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்தால் வேலை என்று சென்னைக்குப் போவாள், பிறகு கல்யாணம். அவள் நம் வீட்டில் இருக்கப்போவதே இன்னும் கொஞ்ச நாள்தான். அதற்குள் 'ஆங்' என்பதைத் தாண்டி அவள் ஏதாவது ஒரு பேச்சு என்னோடு பேசிவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

இந்த முறை லீவில் வரும்போது அதே மாதிரி வெள்ளைப் பெட்டி ஒன்றை வாங்கி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தேன். ஊர் வந்து சேர்ந்தது ஆடிக் கிருத்திகை சமயம். தெருவெல்லாம் காவடி, அரோகரா சத்தம், பூ வாசனை. கூட்டத்தில் டவர் திணறி யாருக்கும் போன் போகவில்லை. வீட்டுக்குள் வேறு மாதிரித் திணறல். போனில் அவ்வளவு கிட்டத்தில் பார்த்த முகம், நேரில் நான் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விட்டது. நான் கூடத்தில் உட்கார்ந்தால் அவள் பின்னறைக்குப் போவாள். நான் பின்னறைக்குப் போனால் வாத்தியார் வந்த மாதிரி எழுந்து நிற்பாள். “உக்காரும்மா” என்றால் “பரவால்ல நைனா” என்பாள். என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. “சாப்ட்டியா?” என்று வாயில் வந்துவிட்டது. கொஞ்சம் முன்னால்தான் என் பக்கத்து இலையில் சாப்பிட்டு எழுந்திருந்தாள்.

மறுநாள் பெட்டியை எடுத்தேன். முதலில் வைஃபை பெட்டிக்குப் பக்கத்திலேயே சொருகி, போனில் அதன் செட்டிங் பக்கத்தைத் திறந்து, நம் வீட்டு வைஃபையின் பெயரைக் காட்டி, பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம், அதன் பிறகு கழற்றி வேண்டிய இடத்தில் சொருகலாம். இங்கிலீஷ் தாளை யாமினி படித்துச் சொன்னாள், நான் செய்தேன். என் பக்கத்தில், தோள் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். வேண்டுமென்றே மெதுவாகச் செய்தேன். விளக்கு எரிந்ததும், “பின்னறையிலயே சொருவிடு நைனா, அங்கதான வரல?” என்றாள். நான் அவளைக் கூடத்து நடுவில் நிறுத்தி, வாசல்வரை போய் வாயை அசைத்து, காதில் கை வைத்து, எகிப்துக்காரர் செய்ததையெல்லாம் செய்து காட்டினேன். சிரித்துவிட்டாள். அந்த லீவில் அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பாதி வழி என்றால் சமையலறை. அங்கே இருப்பது ஒரே பிளக், அதில் மிக்சி.

“அத்தக் கழட்டிட்டு உங்க பொட்டிய வெச்சா, நான் சட்னிய எங்க அரைக்கறது?” என்றாள் சாந்தி.

“அரைக்கும்போது கழட்டிக்க, அப்பால சொருவிடு.”

“நீங்க ஊருக்குப் போனப்பறம் இத்த யாரு பாத்துகினு இருப்பா? பொட்டி மேல இருக்கற அக்கற பொண்டாட்டி மேல இல்ல.”

சொருகினேன். போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன். கல்சுவருக்குள் முழு சிக்னல். “வந்துடுச்சி!” என்று கத்தினேன். யாமினி வாசற்படியில் நின்று பார்த்தாள். “ஆங், வந்துடுச்சி” என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லாததை நான் அப்போது கவனிக்கவில்லை.

அடுத்த நாள் பெட்டி கழன்று மேடை மேல் கிடந்தது. சாந்தியைச் சத்தம் போட்டேன். “அரைச்சிட்டு நான் சொருவிட்டேன், எம்மேல ஏறாதீங்க” என்றாள். மறுபடி சொருகினேன். மறுபடி கழன்று கிடந்தது. மூன்றாவது தடவை கூடத்திலிருந்து நானே பார்த்தேன். யாமினிதான் பிடுங்கினாள். பிடுங்கிவிட்டு அதைத் தன் துப்பட்டாவால் துடைத்து, பத்திரமாக மேடை மேல் வைத்தாள். அப்போது ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் நானே சொருகிவிட்டு, “டெஸ்ட் பண்ணலாம்மா, நீ பின்னால போ” என்று சொல்லி, முன்னறையில் உட்கார்ந்து அவளுக்கு வீடியோ கால் போட்டேன்.

“தெரியுதா?”

“தெரியுது நைனா.”

“தெளிவா இருக்குதா?”

“ஆங்.”

“அப்பறம் ஏம்மா அத்தப் புடுங்கிப் போடற?”

அவள் முகம் அசையவில்லை. படம் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

“நின்னுட்டியா?”

“நிக்கல. இருக்கேன்” என்றாள். “இங்க வந்தா நீ நின்னுடுவ நைனா. பேசிகினே இருக்கும்போது உன் மூஞ்சி அப்டியே நின்னுடும். அப்பதான் நான் உன்ன நல்லா பாப்பேன்.”

“பேசும்போது பாத்தா இன்னா?”

“பேசும்போது நீ கேட்டுகினே இருப்ப, நான் பதில் சொல்லிகினே இருக்கணும். அதுல உன்ன எங்க பாக்கறது? காதாண்ட உனக்கு முடி வெளுத்தது நின்னப்பதான் பாத்தேன். மேல ஒரு பல்லு இல்ல உனக்கு. அம்மாகிட்டகூட நீ சொல்லல.”

நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு, “இப்ப இங்கயே இருக்கறனேம்மா. வந்து பாரேன்” என்றேன்.

“நேர்ல பாத்தா நீயும் என்னப் பாப்பியே நைனா” என்றாள். “எனக்கு ஒரு மாதிரி இருக்குது.”

சமையலறையிலிருந்து சாந்தியின் குரல் வந்தது. போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது. “ஒரே வூட்டுக்குள்ள போன்ல இன்னா பேச்சு? அப்பனுக்கும் பொண்ணுக்கும் கிறுக்கு புடிச்சிடுச்சா?”

எங்கள் நடுவில் இருந்தது ஒரு கூடமும் ஒரு சமையலறையும். எழுந்து போகவேண்டும் என்றுதான் இருந்தது. போனால் அவள் எழுந்து நின்றுவிடுவாள், பேச்சும் நின்றுவிடும் என்று பயந்து உட்கார்ந்தே இருந்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய வயதில் நான் வீட்டில் இல்லை. இப்போது நான்கு தப்படி நடந்தால் மட்டும் அந்தத் தூரம் குறைந்துவிடுமா? ஒன்றும் கேட்காமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தி மறுபடியும் சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும் இருவரும் அப்படியே இருந்தோம்.

கிளம்பும் நாளில் பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். “உனக்கு எப்ப வேணுமோ அப்ப சொருவிக்கம்மா” என்றேன். தலையாட்டினாள். ரயிலடி வரைக்கும் வந்தாள். அங்கேயும் என்னை நேராகப் பார்க்கவில்லை. வண்டி நகர்ந்த பிறகு பார்த்திருப்பாள்.

இப்போது மறுபடியும் குவைத். சில நாள் பின்னறை வாசற்படியைத் தாண்டியும் படம் தெளிவாக வருகிறது. அன்றைக்கு அவள் பெட்டியைச் சொருகியிருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். பரீட்சை, அரக்கோணம் ரயிலில் கூட்டம், கூடப் படிக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் என்று ஏதாவது அவளாகச் சொல்வாள். நான் நடுவில் கேள்வி கேட்பதில்லை. அப்படிப்பட்ட நாட்கள் குறைவு. பெரும்பாலும் வாசற்படியில் படம் உடைய ஆரம்பித்துவிடும். அது உடையத் தொடங்கியதும் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். தொப்பியைக் கழற்றி, விளக்குப் பக்கம் திரும்பி, பல் போன இடம் தெரியாமல் கொஞ்சமாகச் சிரித்து வைப்பேன். நிற்கப்போகிற முகம் களைத்த முகமாக இருக்க வேண்டாம். என் போனில் அவள் தலைக்கு மேலே இருக்கும் ஃபேன் பாதிச் சுற்றில் நின்றிருக்கும். நானாகக் கட் பண்ணுவதில்லை.

அதற்குள் மேடம் வாசலுக்கு வந்து ஹாரன் மாதிரி ஒரு குரல் கொடுப்பார். கடைக்குப் போக வேண்டும். போனைச் சீட்டில் வைத்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுப்பேன். கண்ணாடியில் பார்த்து, இடது பக்கம் ஒடித்து, கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வருவேன். அந்த நேரத்தில் திருத்தணியில், கல்சுவருக்குள், என் முகம் யாமினியின் எதிரில் அசையாமல் இருக்கும். எவ்வளவு நேரம் இருக்கும் என்று அவளிடம் நான் கேட்டதில்லை.