மஞ்சள் கட்டம்

அலுவலகத்தில் அவருக்கு ‘படுக்காத மவராசன்’ என்று பட்டப்பெயர். அவர் எழுதிய நிரல் ஒருமுறைகூடப் பாதியில் நின்று படுத்ததில்லை. மருத்துவமனைக்கான மென்பொருள் அது. நோயாளியின் பெயரைத் தட்டினால், எந்த மருந்து அவருக்கு ஆகாது என்று திரை சொல்லும். உள்ளே ஒவ்வொரு நோயாளிக்கும் இருப்பது ‘மேப்’ என்னும் ஓர் இணைப்பட்டியல்: மருந்தின் பெயர் சாவி, ‘ஆகும்’, ‘ஆகாது’ என்பவை மதிப்புகள். சாவியே இல்லாவிட்டால், அதாவது அந்த மருந்தைப் பற்றி எதுவும் பதியாமல் விட்டிருந்தால், ‘ஆகும்’ என்று திருப்பிவிடும்படி என்றைக்கோ எழுதிவைத்திருந்தார். திரை முகம் சுளித்ததே இல்லை.

தங்கையின் கணவன் அதே குழுவில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஃபங்ஷனல் புரோகிராமிங் என்னும் கறாரான நிரல் பாணியில் கரைகண்டவன். குழுத்தலைவர் நாற்காலி காலியாகப் போகிறது என்று தெரிந்த பிறகு, அவன் வாங்கிக் கொடுத்த தேநீர்கூடக் கசந்தது. எதற்கெடுத்தாலும் அண்ணனைக் கேட்ட தங்கை வேறு, இப்போதெல்லாம் ‘அவர் சொன்னார்’ என்றே பேச்சைத் தொடங்கினாள்.

அந்த வாரம் மாப்பிள்ளை இவருடைய பகுதியிலேயே கைவைத்தான். இனி மேப்பில் தேடினால் மதிப்பு நேராக வராது. ‘இருக்கிறது, இதோ’ அல்லது ‘இல்லை’ என்று உறைக்குள் வரும். பிரித்துப் பார்த்து இரண்டுக்கும் வழி எழுதாவிட்டால் நிரல் ஓடாது. சாவி இல்லாத இடத்தில் மஞ்சள் கட்டம்: ‘இன்னும் கேட்கவில்லை’. இந்த மாற்றம் மருத்துவமனைக்குப் போக இவருடைய ஒப்புதல் வேண்டும்.

ஒரு வார்டில் மட்டும் சோதனைக்கு விட்ட அன்றே, எங்கு பார்த்தாலும் மஞ்சள் என்று செவிலியர்கள் முணுமுணுத்தார்கள். இவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நாலு பேர் முன்னால் திரையைத் திறந்தார்.

“நல்லா இருந்த ஸ்கிரீனுக்குக் காமாலை புடிச்சிருச்சே, மாப்பிள்ளை.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

“உங்க பேரைப் போட்டுப் பாருங்க மச்சான். பெனிசிலின்னு கேளுங்க.”

போட்டார். புதிய திரையில் மஞ்சள். பழைய திரையில் ‘ஆகும்’. சின்ன வயதில் அந்த ஊசி போட்டு முகம் வீங்கி, மூச்சுக்குத் தவித்துப் பிழைத்தவர் அவர். கால் உடைந்து இதே மருத்துவமனையில் கிடந்தபோதும் திரை அப்படித்தானே சொல்லியிருக்கும்?

“எனக்கு ஆகாதுன்னு உனக்கு யாரு சொன்னா?”

“உங்க தங்கச்சிதான். நீங்க அங்க படுத்திருந்தப்போ, டூட்டி மாறி வர்ற நர்ஸ்கிட்டல்லாம் வாயாலயே சொல்லிட்டு இருந்தாளாம்.”

நாற்காலி மாப்பிள்ளைக்குப் போய்விடும் என்று தெரிந்துதான் அவர் ஒப்புதல் பொத்தானை அழுத்தினார். ஆனாலும் மனசு கேட்காமல் கீழே ஒரு குறிப்பு எழுதினார்: ‘நிரலின் கடைசி வரியில் இடைவெளி ஒன்று அதிகம்.’

மாப்பிள்ளை உடனே அதைத் திருத்தி, நன்றியும் சொல்லிப் பதில் போட்டான். அதைத்தான் இவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.