ஊசி போட்டாச்சோ?

எங்கள் வீட்டில் ஊசி போட வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒன்று மூன்று வயது மகள், மற்றது இரண்டு வயது நாய். இரண்டு பேருடைய அட்டைகளும் அலுமாரியின் நடுத்தட்டில் ஒரே பொலித்தீன் உறைக்குள் இருந்தன. ஒன்றாக வைத்தால் தொலையாது என்று நான்தான் அப்படி வைத்தேன். எதையும் தொலைத்துவிடுவேனோ என்ற பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

அன்று காலை குசினியில் பால் பொங்கும் தறுவாயில் இருந்தது. படலையில் ஒருவர் நின்று கூப்பிட்டார். கையில் ஒரு கொப்பியும் பேனையும்.

"தங்கச்சி, ஊசி போட்டாச்சோ?"

"ஓம் ஐயா. போன கிழமை போட்டாச்சு."

"நல்லம்." கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போனார்.

போன கிழமைதான் மகளுக்கு மூன்று வயதில் போடும் ஊசி போட்டிருந்தோம். அழுத அழுகை இன்னும் காதுக்குள் நின்றது. ஊசி என்றால் எனக்கு அப்போது அந்த ஒரு ஊசிதான். பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும்போது ஒழுங்கையின் முடக்கில் ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி கேட்டது. விசர்நாய்த் தடுப்பூசி போடுகிறோம், நாய்களைக் கட்டி வைத்திருங்கள் என்று. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு படலைக்கு ஓடினேன். கிரவல் தூசிதான் நின்றது. எங்கள் நாய் மாமர நிழலில் படுத்தபடி, நான் ஏன் ஓடுகிறேன் என்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

பின்னேரம் கணவர் வேலையால் வந்தார். பால் சேகரிக்கும் நிலையத்தில் வேலை. காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"இண்டைக்கு ஊசிக்காரர் வந்தவையாமே?"

"ஓம், வந்தவை."

நான் சொன்னது அவ்வளவுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அந்த இரண்டு சொற்களையும் எத்தனை தரம் மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. படித்தவள் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்தாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை மிருக வைத்தியர் கந்தோருக்கு நானே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம், பிறகு சிரித்துக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை மழை. அடுத்ததில் மகளுக்குக் காய்ச்சல். மூன்றாவதில், "நாய் ஏத்தினா சீற்றெல்லாம் மயிர் தங்கச்சி" என்று ஓட்டோக்காரர் மறுத்துவிட்டார். அது லப்ரடோர். என்னால் தூக்கவும் ஏலாது, இழுக்கவும் ஏலாது.

அந்த நாயை வவுனியாவிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்தவர் அவர். வளர்ப்பது பெரும்பாலும் நான். காலையில் சோற்றோடு கோழிக்கால் அவித்துப் போடுவது, காதுக்குள் உண்ணி பார்ப்பது, மத்தியான வெக்கையில் சாக்கை நனைத்து அதன் கீழே விரிப்பது, தண்ணீர்ச் சட்டியில் எறும்பு ஏறாமல் பார்ப்பது. குளிரான நாட்டுக்கென்று பிறந்த உடம்பை எங்கள் தர்மபுரத்து வெயிலில் வைத்திருக்கிறோம் என்பதே எனக்குக் குற்றம் போலிருக்கும். மூச்சு வாங்கினால் பயம். வாங்காமல் படுத்திருந்தால் அதைவிடப் பயம். கிட்டப் போய் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். மகள் பிறந்த புதிதில் அவளையும் அப்படித்தான் பார்த்தேன்.

கிளிநொச்சியில் நாய்க் கண்காட்சி ஒன்று நடக்கப் போவதாக அறிவித்தல் வந்தபோது அவர் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். அறிவித்தலை போனில் எனக்கு வாசித்துக் காட்டினார். கழுத்துப்பட்டி இருக்க வேண்டும், நாய் குளித்திருக்க வேண்டும், இந்த வருடத்துத் தடுப்பூசி அட்டை கட்டாயம்.

"அட்டை எங்க வைச்சனீர்?"

"அலுமாரிக்குள்ள இருக்கு."

அதுவும் பொய் இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் முற்றத்தில் பயிற்சி. நில் என்றால் நான்கு காலும் ஊன்றி நிற்க வேண்டும். நட என்றால் இடது பக்கத்தில் இழுக்காமல் நடக்க வேண்டும். நடுவர் வாயைத் திறந்து பல் வரிசை பார்ப்பாராம். ஆகவே மூன்றாவது பாடம், "பல்லைக் காட்டு." அவர் பெருவிரலால் மேலுதட்டை மெல்ல உயர்த்துவார். நாய் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு பொறுமையாக நிற்கும். முடிந்ததும் பிஸ்கற்.

மகளுக்கு இந்த விளையாட்டு நன்றாகப் பிடித்துவிட்டது. பொம்மைக் கரடிக்குப் பல்லைக் காட்டு. பக்கத்து வளவு அக்காவுக்குப் பல்லைக் காட்டு. அக்கா வேலியால் எட்டி, "எனக்கு முன்னுக்கு ரெண்டு பல்லு இல்லையடி குஞ்சு, பரிசு தராயினம்" என்று சொல்லிச் சிரித்தா.

வியாழக்கிழமை பின்னேரம், கொடியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் முற்றத்தில் இருந்து கூப்பிட்டாள். அழவில்லை. அந்த நாட்களில்தான் நிறங்களின் பெயர் பழகிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சிவப்பு."

சுட்டுவிரலை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். விரலின் பக்கவாட்டில் ஒரு கீறல், அரை நகத்தளவு. அவளுக்கு முன்னால் நாய் நான்கு காலும் ஊன்றி, சொல்லிக் கொடுத்தபடி நின்றது. வாலை ஆட்டியது. பிஸ்கற்றுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்று எங்கோ வாசித்தது ஞாபகம். மணிக்கூடு பார்க்க உள்ளே போகப் பயந்து அறுபது அறுபதாக எண்ணினேன். எண்ணிக்கை தவறித் தவறித் திரும்பத் தொடங்கினேன். மகள் காயத்துக்கு அழவில்லை, குளிருக்கு அழுதாள். கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேரும்போது என் சட்டை முழுதும் நனைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளம் டொக்டர், பெண். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"வீட்டு நாயோ?"

"ஓம் டொக்டர்" என்றார் கணவர்.

"விசர்நாய் ஊசி போட்டதோ? கடைசியா எப்ப?"

"வருசா வருசம் போடுறது டொக்டர். இந்த முறையும் வீட்டுக்கு வந்து போட்டவை."

டொக்டர் எழுதத் தொடங்கினா. பேனை ஓடும் சத்தம் கேட்டது. அந்த ஒரு வரியை எழுதி முடிக்கும் அளவு நேரம் நான் பேசாமல் நின்றேன். அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. படலையில் நடந்தது பிழை. கணவருக்குச் சொல்லாமல் விட்டது வெட்கம். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு வரி நீளத்துக்கு நான் யோசித்ததற்கு என்ன பெயர்?

"இல்லை டொக்டர்" என்றேன். "இந்த வருசம் போடேல்லை."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊசி போட்டாச்சோ எண்டு கேட்டவர். நான் பிள்ளைக்குக் கேக்கிறார் எண்டு நினைச்சு ஓம் எண்டிட்டன்."

டொக்டர் பேனையை வைத்தா. சிரிப்பாவோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை. "நல்ல காலம் சொன்னீங்கள்" என்று எழுதியதை வெட்டினா. பிள்ளைக்கு இன்றைக்கே ஊசி தொடங்க வேண்டும், பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள். நாயைக் கட்டி வைத்துப் பதினாலு நாள் பார்க்க வேண்டும். அவிழ்த்துவிடவும் கூடாது, வெளியே கொண்டுபோகவும் கூடாது. சாப்பிடாமல் விட்டாலோ, குணம் மாறினாலோ உடனே வரவேண்டும். பதினாலு நாளும் சுகமாக இருந்தால் கடைசி ஊசி தேவைப்படாது.

கண்காட்சி பத்தாம் நாள். அதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தோம். மகள் நடுவில் இருந்து நித்திரையாகிவிட்டாள். அவர் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம் நீர்."

"ஏசுவியள் எண்டு பயந்திட்டன்."

"நான் எப்ப ஏசினனான்?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை.

"பல்லுக் காட்டப் பழக்கினது நான்தானே" என்று அவர் தனக்குள்ளே சொல்லிக்கொண்டு, நாயைப் பிடித்து மாமரத்தில் சங்கிலி போட்டார்.

பைத்தியத்துக்கு நாங்கள் சொல்லும் விசர் என்ற சொல் எங்கள் வீட்டில் ஒரு நாளில் பத்துத் தடவையாவது புழங்கும். விசர்க்கதை, விசர் வேலை, உமக்கென்ன விசரோ. அன்றிலிருந்து ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பாதி வாயில் வந்தால் விழுங்கிக்கொண்டோம்.

நான் நாயைப் பார்க்கத் தொடங்கினேன். என் பிள்ளையைக்கூட அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. வாயால் நீர் வடிகிறதா? லப்ரடோருக்கு எந்த நாளும் வடியும். முந்தியைவிடக் கூடவா? முந்தி எவ்வளவு வடிந்தது என்று யார் அளந்து வைத்தது? தண்ணீருக்குப் பயப்படுகிறதா என்று பார்க்க வாளியைக் கொண்டுபோனேன். அது வாளிக்குள் தலையை விட்டு, என் மேல் உதறியது. எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது. அரை மணித்தியாலத்தில் திரும்பப் பயம் வந்து இன்னொரு வாளி கொண்டுபோனேன்.

ஏழாம் நாள் அது சாப்பாட்டைத் தொடவில்லை.

காலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. மூக்கால் மணந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மகளுக்கு அன்று மூன்றாவது ஊசி. ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டு நின்ற நான் கதிரையில் இருந்துவிட்டேன். கணவருக்குப் போன் எடுத்தேன். "சாப்பிடேல்லை" என்றேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை. "வாறன்" என்று வைத்துவிட்டார்.

அவர் வந்து சேருவதற்கு முன் நான் வேலியடியில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன். தனியே நிற்க முடியவில்லை.

"அக்கா, நாய் சாப்பிடுதில்லை."

"அது எப்பிடி இனிச் சாப்பிடும்?" என்றா அக்கா. "விடியக்காலமை ரெண்டு கோப்பை சோறும் மீன் தலையும் போட்டனான். நேற்றும் போட்டனான். பாவம் வாயில்லாச் சீவன், செய்த குற்றம் தெரியாம மறியல்ல கிடக்குது. நீர் என்னடாவெண்டா வாளி வாளியாத் தண்ணியைத்தான் காட்டுறீர்."

"அக்கா!"

"என்ன அக்கா? மீன் நல்ல மீன்தான். கொக்கிளாயால வந்தது."

சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணவர் தலைக்கவசத்தோடு ஓடி வந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு மாமரத்தடியில் குந்தினார். கனநேரம் எழும்பவில்லை. பிறகு மகளை ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

பத்தாம் நாள் அவர் கண்காட்சிக்குப் போனார், நாய் இல்லாமல். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. மத்தியானம் திரும்பி வந்து, நாய்க்கு முன்னால் நின்று செய்தி சொன்னார்.

"முதலாம் பரிசு ஒரு அல்சேசனுக்கு. அதுக்கு நிக்கத் தெரியாது. நடுவரின்ர சப்பாத்தை மணந்துகொண்டு திரிஞ்சது."

நாய் வாலை ஆட்டியது. நான் குசினிக்குள் போய்விட்டேன். அவர் என்னைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் குத்தியது.

அடுத்த நாள் மிட்வைஃப் மிஸ் ஒழுங்கையால் போகும்போது ஸ்கூட்டரை நிற்பாட்டினா.

"என்ன பிள்ளை, ஊசி போட்டாச்சோ?"

"ஆருக்கு மிஸ்?"

அவ விழுந்து விழுந்து சிரித்தா. ஊர் முழுக்கக் கதை பரவியிருக்கிறது என்று அப்போது விளங்கியது.

பதினாலு நாள் கடந்தது. நாய் தின்றது, குடித்தது, பூனையைப் பார்த்துக் குரைத்தது. பிள்ளைக்கு இனி ஊசி வேண்டாம் என்று டொக்டர் சொன்னா. தெரிந்த ஒருவரின் சிறிய லொறியில் நாயை ஏற்றி, மகளையும் கூட்டிக்கொண்டு நாங்கள் மிருக வைத்தியரிடம் போனோம். அட்டையை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். மகளின் அட்டையை மாறிக் கொண்டுவந்துவிட்டேனோ என்று வழியில் மூன்று தடவை பார்த்தேன்.

வைத்தியர் நடுவயதுக்காரர். கதையைக் கேட்டுவிட்டு, "பதினாலு நாள் முடிஞ்சதோ?" என்றார்.

"ஓம்" என்றேன். "இண்டையோட பதினாறு."

"பதினஞ்சு" என்றார் கணவர், அதே நேரத்தில்.

திரும்பிப் பார்த்தேன். அவர் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கீறல் பட்ட நாளையும் சேர்த்து எண்ணியிருந்தேன். அவர் அதற்கு மறுநாளிலிருந்து எண்ணியிருக்கிறார். பால் நிலையத்துச் சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு நாளும் பேனையால் ஒரு புள்ளி வைத்ததாகப் பிறகு சொன்னார். இந்தப் பதினைந்தோ பதினாறோ நாளும் நான் தனியே பயந்துகொண்டிருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கண்காட்சியை நினைத்துக் கவலைப்படுகிறார் என்றும்.

"எந்தக் கணக்கெண்டாலும் தாண்டிட்டுது" என்று வைத்தியர் சிரித்தார். "பிடியுங்கோ."

கணவர் கழுத்தைப் பிடித்தார், நான் அட்டையைப் பிடித்தேன். நாய் அசையாமல் நான்கு காலும் ஊன்றி நின்றது, பழக்கியபடியே. நடுவருக்கென்று பழகியதை அது ஊசிக்காரருக்குச் செய்து காட்டியது. மகள் என் சட்டையின் பின்னால் ஒளிந்து நின்று, தன் வாயைத் தானே இரண்டு விரலால் திறந்து அதற்குப் பல்லைக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அட்டைகளைத் தனித்தனி உறையில் போட்டேன். மறுநாள் காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாமரத்தடிக்குப் போனேன். வயிறு ஏறி இறங்கியது. பதினேழு என்று எண்ணினேன்.