புது எண்ணெயும் பழைய ரப்பரும்

டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் சோதனைக்கூடத்தில் அவளுக்கு இருபத்தாறு வருஷம். காப்புக் காகிதத்தையும், மூடியை அடைக்கும் ரப்பரையும் எண்ணெயில் போட்டு ஏழு நாள் சூட்டில் வைப்பாள். காகிதம் நையாமல், ரப்பர் ஊதாமல், எண்ணெய் கறுக்காமல் இருந்தால் ‘பொருந்தும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். “வீட்ல ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போகல. இங்க வந்து ரப்பருக்கும் எண்ணெய்க்கும் பஞ்சாயத்து” என்று அலுத்துக்கொள்வாள்.

அவள் கையெழுத்தை நம்பித்தான் போன மாதம் ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மரில் புதுவகை எண்ணெய் ஊற்றினார்கள். ரப்பரை மாற்றவில்லை. மூன்றே வாரத்தில் மூடியைச் சுற்றி ஒழுகியது. போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை என்று பழி ஃபிட்டர் தலையில் விழுந்தது. ஃபிட்டர் அவள் கணவரின் தம்பி. வேலை போனாலும் போகலாம்.

கழற்றிய ரப்பர் இன்று காலை அவள் மேசைக்கு வந்தது. அளந்தாள். பதினெட்டு வருஷமாகப் பழைய எண்ணெயைக் குடித்து ஊதிக் கிடந்த ரப்பர், புது எண்ணெயில் சுருங்கிவிட்டிருந்தது. அவள் சோதித்ததோ ஸ்டோரிலிருந்து வந்த புது ரப்பர். பழையதைக் கேட்டிருந்தால் மூடியைத் திறக்கச் சொல்லி நாலு பேரிடம் மல்லுக்கட்ட வேண்டும். அன்றைக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

பட்டறைக்குப் போனாள்.

“தம்பி, நீ முறுக்கினது சரிதான். தப்பு என்னோடது.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டே, “தெரியும் அண்ணி. கழட்டும்போதே பாத்தேன்” என்றான்.

“அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?”

“நான்தான் சரியா முறுக்கலன்னு காலைல எழுதிக் குடுத்துட்டேன். உங்களுக்கு இன்னும் எட்டு மாசம்தானே இருக்கு. நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”

அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே வெட்கமாக இருந்தது.

“இன்னும் நாலு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கே. உன் கடுதாசிய நம்பி அதுலயும் எண்ணெய மாத்திட்டு போல்ட்டத்தான் முறுக்குவாங்க. எல்லாத்துலயும் பழைய ரப்பர்டா!”

மேனேஜர் அறை மூன்றாவது மாடியில். முழங்கால் கெஞ்சக் கெஞ்ச ஏறினாள்.

நடந்ததைக் கேட்ட மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். “அவர்தான் ஒத்துக்கிட்டாரேம்மா. ரிட்டயர் ஆகுற நேரத்துல நீங்க ஏன் சிரமப்படுறீங்க?”

“அன்னைக்குச் சிரமப்படாததாலதான் சார், இன்னைக்கு ஒழுகுது.”