கதிரில் இருந்த நூல்

இதில் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. கூட்டுவதும் குறைப்பதும் விலையில்தான். காத்தான்குடியில் நளீர் பழம்பொருள் கடை வைத்திருப்பதே அதற்குத்தான். போன மாரியில், அந்தக் கடையில், பட்டப்பகலில் நடந்தது இது.

இராட்டையை அவன் ஏறாவூரில் வாங்கினான். விற்றவள் ஸஹீதா மாமி, அவன் மனைவி றுக்ஷானாவுக்குத் தூரத்து உறவு. பேரம் முடிந்ததும், இராட்டையின் கதிர்க் கம்பியில் சுற்றியிருந்த வெள்ளை நூலை மாமி தொட்டாள்.

“இத மட்டும் எடுத்துக்கிறன் மகன். நான் மௌத்தானா கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டுறத்துக்கு நானே நூத்தது.”

“நீங்க எங்கள எல்லாம் அடக்கிட்டுத்தான் மாமி போவீங்க.”

“கண் தெரியாது. கழட்ட கொஞ்சம் நேரம் செல்லும்.”

விற்பவருக்கு யோசிக்க நேரம் கொடுத்து நளீருக்குப் பழக்கமில்லை. “நாளைக்கு நானே கழட்டிக் கொண்டாறன்” என்று இராட்டையை ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

கொண்டுபோகவில்லை. நூலோடு இருந்தால்தான் அது இராட்டை, இல்லாவிட்டால் விறகு. அதை வாங்கப் பேசிய பாசிக்குடா ஹோட்டல்காரர் மயங்கியதே அந்த நூலில்தான். நளீர் ஓர் அட்டையில் ‘விற்றாச்சு’ என்று எழுதினான். அந்த நூலிலேயே ஒரு முழம் அறுத்து, அட்டையை இராட்டையில் கட்டினான். அறுக்கும்போது கை ஒரு தரம் தயங்கியது. அவ்வளவுதான்.

மாமி இரண்டு தடவை போன் எடுத்து நூலைக் கேட்டாள். இரண்டு தடவையும் “நாளைக்கு” என்றான். மூன்றாம் தடவை அவன் எடுக்கவில்லை.

மறுநாள் வியாழன். நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பாயில் சாய்ந்தான். வெளியே அடைமழை.

2.10.

கிர்ர்ர்…

இராட்டைச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. காற்றாக இருக்கும். ஆனால் மேலே தொங்கிய விலைச்சீட்டு ஒன்றும் அசையவில்லை.

எழுந்து பிடித்து நிறுத்தினான். கைப்பிடி சூடாக இருந்தது. யாரோ வெகுநேரம் பிடித்திருந்ததுபோல.

2.14. சத்… சத்…

ஈரக் கால்கள். சீமெந்துத் தரையில் தடங்கள். சின்னச் சின்ன அடிகள். வந்த தடம் மட்டும்தான். திரும்பிய தடம் இல்லை.

“மாமி?”

ஏன் அப்படிக் கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது.

சத்…

“நாளைக்குக் கொண்டாறன்…”

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

பட்.

நூல் அறுந்த சத்தம். இராட்டையில் அட்டையைக் காணவில்லை.

2.17. போன். றுக்ஷானா.

“ஸஹீதா மாமி மௌத்து. ரெண்டு பத்துக்கு.”

மாலை அஸர் தொழுகைக்கு முன்னமே இருவரும் ஏறாவூருக்குப் போய்விட்டார்கள். நளீர் முற்றத்தில் ஆண்களோடு நின்றான். மய்யித்தைக் குளிப்பாட்ட உள்ளே போன றுக்ஷானா, சற்று நேரத்தில் வெளியே வந்து அவனைத் தனியே அழைத்தாள்.

“மௌத்தான உடனே கால் கட்ட துணி கிழிச்சிருக்காங்க. பாத்தா, முதலே கட்டி இருந்திச்சாம். ஆரு கட்டினதெண்டு ஒருத்தருக்கும் தெரியா.”

“என்னத்தால?”

“குளிப்பாட்ட அவிழ்த்தது நான்தான்.”

உள்ளங்கையை விரித்தாள். ஒரு முழம் வெள்ளை நூல். அதன் நுனியில் ஓர் அட்டை, மழையில் ஊறி.

“இது உங்கட எழுத்துத்தானே?”

விற்றாச்சு.