கதவு இறுகவில்லை

குண்டு விழுந்த காலையில் என் ஆறு வயது மகள் கதவைத் தட்டினாள். நான் உள்ளே இருந்தேன். திறக்கவில்லை.

கதவு இறுகிப்போனது என்றுதான் இதுவரை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அது பொய். தாழ்ப்பாளைப் போட்டது என் கை.

கொழும்பு கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு மிக அருகே அப்போது குடியிருந்தோம். அன்று 1942ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு. யுத்தகாலமாகையால் என் கணவர் விடியவே துறைமுக வேலைக்குப் போய்விட்டார். ரெஜினா முற்றத்துக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வானத்தில் ஜப்பான் விமானங்களின் இரைச்சல் எழுந்தது. முதல் வெடியில் வீடு அதிர்ந்தது. நீங்களாயிருந்தால் பிள்ளையிடம் ஓடியிருப்பீர்கள். நான் சாமான் அறைக்குள் ஓடினேன்.

"அம்மா, நான் ரெஜினா. திறங்கோ அம்மா..."

அந்தக் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பின் ஏன் திறக்கவில்லை?

என் சிறுவயதில், அப்பா குடித்துவிட்டு வரும் மாலைகளில் அம்மா என்னை ஓர் அறைக்குள் தள்ளி, "ஆர் தட்டினாலும் திறக்காதை" என்பாள். ஒருநாள் அம்மாவே தட்டினாள். அழுதுகொண்டு தட்டினாள். நான் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் குந்தியிருந்தேன். மறுநாள், உதடு வீங்கிய முகத்தோடு என் தலையைத் தடவினாள். "கெட்டிக்காரி. சொன்னபடி செய்தனி," என்றாள்.

அப்பா செத்துப் பல வருடமாயிற்று. ஆனாலும் ஒரு பாத்திரம் விழுந்தாலே போதும், என் உடல் அந்த மூலையைத் தேடும். இது காரணம்தான், நியாயம் அல்ல. ரெஜினா என் அப்பாவைக் கண்டதே இல்லை. அவள் கண்டது மூடிய கதவை மட்டும்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண், நான் ராத்தா என்று அழைப்பவர், பின்வாசலால் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிப்போய்த் தன் வீட்டு மேசையின் கீழ் வைத்துக்கொண்டார். சத்தம் ஓய்ந்தபின் கேட்டார்: "புள்ள தனியா நிண்டு கத்துது. நீங்க எங்க இருந்தீங்க?"

"கதவு இறுகிப்போச்சு ராத்தா."

அவர் நம்பினார். என் கணவரும் நம்பி, தச்சனை அழைத்துக் கதவின் ஓரத்தைச் சீவச் செய்தார். எல்லாவற்றிலும் கொடியது, ரெஜினா அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்ததுதான்: "எங்கட அம்மா கதவை உடைச்சுக்கொண்டு வரப் பாத்தவ."

வெள்ளவத்தைக்குக் குடிவந்த பின்னும் அந்தக் கதை கூடவே வந்தது. போன கிழமை புதுச் சிநேகிதி ஒருத்திக்கு ரெஜினா அதைச் சொல்லக் கேட்டேன். இனி இந்தப் பொய் வேண்டாம் என்று தீர்மானித்தேன். சிநேகிதி போனதும் ரெஜினாவை என் முன்னே இருத்தி, உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவளுக்கு இப்போது பதினொரு வயது.

கேட்டு முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "இன்னொருக்கா குண்டு விழுந்தா திறப்பீங்களா அம்மா?"

திறப்பேன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. மறுபடியும் ஒரு பொய்யா... விழுங்கினேன்.

"தெரியாது பிள்ளை," என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள்.

நேற்று மாலை பெரிய இடி இடித்தது. கால்கள் எங்காவது ஒளியத் துடித்தன. நான் அவளிடம் நடந்தேன், பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. மழை விடும்வரை நான் எழும்பவில்லை.