பத்திரமாக வைத்த அட்டைகள்

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், தம்பி மகன் நடத்தும் கம்பெனியில் போய் உட்கார்ந்தேன். திருவனந்தபுரத்தில் யார் வீட்டையோ அலுவலகத்தையோ காலி செய்தாலும், சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றி, புது இடத்தில் இறக்கி அடுக்கிக் கொடுப்பது அவன் தொழில். "லெட்டர் எல்லாம் நீங்க பாத்துக்கோங்கோ பெரியப்பா, அது மதி" என்றான். மதி என்றால் போதும்; எங்கள் ஊர்ப் பேச்சு. அரசு அலுவலகத்தில் ஆயுள் முழுக்க ஆங்கிலத்தில் கோப்பு எழுதிய எனக்கு அது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. கரமனையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

சாமான் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்கள். கம்பெனி எடுத்துக் கொடுத்த ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள்.

எங்கள் ஊரில் லாரிக் கதவைத் திறந்தால் அந்தப் பகுதிச் சுமட்டுத் தொழிலாளிகள் வந்து நிற்பார்கள். ஏற்றி இறக்குவது அவர்கள் பிழைப்பு. கம்பெனிப் பட்டியலையும் அடையாள அட்டையையும் வைத்து, இவர்கள் கம்பெனியின் சொந்த ஆட்கள்தான் என்று காட்டினால் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒருமுறை எங்கள் ஆள் ஒருவன் ஆதார் அட்டையை அறையிலேயே விட்டு வந்துவிட்டதால், ஒரு டாக்டர் வீட்டுச் சாமானோடு லாரி மத்தியானம் வரை பூட்டியே நின்றது. மறுநாள் நான் ஒரு வழி சொன்னேன்: எல்லாருடைய அசல் அட்டைகளையும் ஆபீஸ் பீரோவில் வைத்துவிடுவோம், லாரி கிளம்பும்போது மேஸ்திரி கையில் கொடுத்தனுப்புவோம், சாயங்காலம் திரும்ப வாங்கி வைப்போம். எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். பீரோச் சாவி என்னிடம் இருந்தது.

அட்டை என்னிடம் இருந்தபின் யாரும் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போவதில்லை என்பதைக் கொஞ்ச நாளிலேயே கவனித்தேன். தம்பி மகனும் கவனித்தான். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

பிறகு கழக்கூட்டம் பகுதியில் இருந்த ஒரு வெளிநாட்டு நிறுவனம் அலுவலகம் மாற்றும் வேலையை எங்களுக்குத் தர முன்வந்தது. ஒரு நிபந்தனை: எங்களிடமும், எங்களுக்குப் பொருள் தருகிறவர்களிடமும் நவீன அடிமைத்தனம் இல்லை என்று எழுதித் தரவேண்டும். நேரில் வந்தும் பார்ப்பார்கள். அந்த அறிக்கையை நான்தான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்று அன்று நினைத்தேன். அட்டைப்பெட்டி தருகிற பழவங்காடிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கப் போனபோது அவர் சிரித்தார்.

"சாமி, என் கடையில அடிமைன்னா அது நான் ஒருத்தன்தான். என் பெண்டாட்டிகிட்ட வேணா கையெழுத்து வாங்கிக்கோங்க."

நானும் சிரித்துவிட்டு வாங்கி வந்தேன்.

ஆய்வுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது எங்கள் ஆட்களில் ஒருவர் என் மேசைக்கு வந்தார். முப்பது வயசு தாண்டியவர். எப்போதும் ஏதாவது கேலி பேசிக்கொண்டிருக்கிறவர், அன்று நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, அப்பாவுக்குக் கால்ல புண்ணு. சக்கரை வேற. பெரிய ஆஸ்பத்திரியில சேக்கணும்னு சொல்லுதாவ. காப்பீடு என் பேர்லதான் இருக்கு, அதுக்கு என் அசல் கார்டு வேணுமாம். நானும் நேர்ல போணும்."

"புதன்கிழமை ஆய்வு இருக்கேப்பா. எல்லார் கார்டும் சரியா இருக்கான்னு வர்றவா பாப்பா. ஒண்ணு குறைஞ்சா ஏன்னு கேப்பா. அது முடிஞ்ச கையோட நானே உன்னை பஸ் ஏத்தி விடறேன்."

"அதுக்குள்ள ஒண்ணும் ஆயிராதுல்லா?"

"ஒண்ணும் ஆகாது."

மருத்துவத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அப்படிச் சொன்னேன். கார்டு இல்லாமல் போய்ப் பயனில்லை என்பதால் அவர் போகவில்லை.

ஆய்வுக்கு வந்தவர் வடக்கத்தி இளம்பெண். தமிழும் மலையாளமும் தெரியாது. மொழிபெயர்க்க நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பீரோவைத் திறந்து அட்டைகளை வரிசையாகக் காட்டினேன். ஒன்றும் குறையவில்லை. பிறகு அவர் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். அப்பாவுக்குப் புண் என்று என்னிடம் வந்தவரிடம் கேட்டார்: நினைத்த நேரத்தில் வேலையை விட்டுப் போக முடியுமா?

"போலாம். கார்டு ஐயாகிட்ட இருக்கு. குடுத்தா இன்னைக்கே போவேன்" என்றார்.

அவர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிறார். அட்டை தொலையாமல் கம்பெனி பாதுகாத்துத் தருவதில் அவருக்குத் திருப்தி. அந்தப் பெண் அவருக்கு நன்றி சொல்லிப் புன்னகைத்தார். அவரும் தலையாட்டினார். வெளியே வாசலில் காத்திருந்த இன்னொருவன் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஐயா இங்கிலீசுல நல்லா நீளமாப் பேசுதாவ. இவன் சொன்னது இம்புட்டுத்தானே?"

எல்லாரும் சிரித்தார்கள். பதில் சொன்னவர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே அட்டையைக் கொடுத்தேன். தம்பானூர் பஸ் நிலையம் வரை கூடப் போய் ஆப்பிள் வாங்கிக் கொடுத்தேன். வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரு நிறைவுகூட இருந்தது.

அடுத்த வாரம் அவர் போன் செய்தார். அப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். "முன்னாடியே வந்திருந்தா விரலோட போயிருக்கும்னு ஒரு டாக்டர் சொல்லுதாரு. இன்னொருத்தரு அப்படிச் சொல்ல முடியாதுங்காரு. எது நெசமோ" என்றார். குரலில் கோபம் இல்லை. வேலைக்கு வர இன்னும் நாளாகும் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

மறுநாள் காலை பீரோவைத் திறந்து எல்லாருக்கும் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தேன். தம்பி மகன் பதறினான்.

"என்ன பெரியப்பா இது? நாளைக்கு நாலு பேர் ஓடிப்போயிட்டா நான் யாரை வச்சு லாரியை அனுப்பறது?"

"ஓடக்கூடாதுன்னுதான் இத்தனை நாள் வச்சிருந்தோமா?"

அவன் காலிப் பீரோவைச் சாத்தினான். கேட்ட எனக்கும் பதில் தெரிந்துதான் இருந்தது. இரண்டு பேர் அந்த வாரமே ஊருக்குப் போனார்கள்.

சுமட்டுத் தொழிலாளிகளின் தலைவரைப் போய்ப் பார்த்தேன். இனி நகலைக் காட்டினால் ஒத்துக்கொள்வார்களா என்று தயங்கிக் கேட்டேன். அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "சாமீ, கோப்பி மதியல்லோ. ஒறிஜினல் ஆரு சோதிச்சு?" நகல் போதுமாம். அசலை யாரும் கேட்கவே இல்லையாம். அந்த வழக்கம் முழுக்க முழுக்க என் கண்டுபிடிப்பு.

ஆய்வு செய்த பெண்ணுக்கு, அன்று எங்கள் ஆள் உண்மையில் சொன்ன வார்த்தைகளை எழுதி அனுப்பினேன். அந்த நிறுவனம் வேலையை நிறுத்தி வைத்தது. பிறகு தமிழ் தெரிந்த ஒருவரோடு வந்து, என்னை வெளியே உட்காரவைத்து எல்லாரிடமும் மறுபடி பேசினார்கள். தம்பி மகன் இரண்டு மாசம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பழவங்காடிக்கும் மறுபடி போனேன். உங்கள் கடை ஆட்களின் அட்டைகள் எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைப் பார்த்தார். எப்படிக் கேட்கவேண்டும் என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது.

மழை விட்டபின் தென்காசிக்கு அந்தப் பக்கம், போன் செய்த எங்கள் ஆளின் ஊருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. என்னைக் கண்டதும் கை கூப்பினார்.

"வாங்க ஐயா. வேலை நேரத்துல லீவு குடுத்து, பஸ்ஸும் ஏத்தி விட்டியளாமே. இந்தக் காலத்துல எந்த மொதலாளி செய்வாவ?"

நான் அவர் மகனைப் பார்த்தேன். அப்பாவிடம் அவர் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்.

"ஐயா ஆப்பிளும் வாங்கித் தந்தாவல்லா, அப்பா" என்றார் மகன், என்னைப் பார்க்காமல்.

உள்ளேயிருந்து காப்பி வந்தது. குடித்தேன். பெரியவர் மழையைப் பற்றியும், செயற்கைக் கால் வைக்கலாம் என்று சொல்லியிருப்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். சொல்லவேண்டியதை மனசுக்குள் இரண்டு மூன்று தரம் அமைத்துப் பார்த்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

ஆய்வுக்கு வந்த பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். தம்பி மகனிடமும் சொல்லிவிட்டேன். சொல்லவேண்டியவரிடம் இன்னும் சொல்லவில்லை.