காளிச்சாமி வாய் திறக்காத வாரம்

துடியலூரில் மோட்டார் பம்புக்கு இரும்புக் கூடு வார்க்கும் பவுண்டரியை வாலிப வயதிலேயே தொடங்கியவர் காளிச்சாமி. எல்லாவற்றையும் தானே பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மகன் கிருபாசங்கர் இன்ஜினியரிங் முடித்து வந்து சேர்ந்த பிறகும் அதே கதைதான். மகன் ஒரு மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தால் அப்பா ரத்து செய்வார். மகன் யாருக்காவது லீவு இல்லை என்றால், அந்த ஆள் நேராக அப்பாவிடம் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். இப்படியே போய் மகனுக்கும் காதோரம் நரைத்துவிட்டது.

போன தை மாதம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகுதான் மனிதருக்கு உறைத்தது. "இனி எல்லாம் நீதான் கண்ணு. நான் தலையிட மாட்டேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டு வீட்டோடு இருந்துகொண்டார்.

ஆடியில் வந்தது சோதனை. ஷிப்ட் நேரத்தை மாற்றச் சொன்ன கிருபாசங்கரிடம், போர்மேன் செங்கோட்டையன் எல்லோர் முன்னாலும், "பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க தம்பி" என்றுவிட்டார். மகனுக்கு முகம் செத்துப்போனது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டான்.

செங்கோட்டையன் முதல் உலை மூட்டிய நாளிலிருந்து கூட நின்றவர். மறுநாள் காலையில் வீடு தேடி வந்தார். காளிச்சாமி மகனுக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது. ஆனால் இந்தத் தடவையும் போட்டால், பவுண்டரியில் ஒருத்தரும் மகனை மதிக்கப்போவதில்லை.

"அவன் எடுத்த முடிவு செங்கோட்டையா. அவங்கிட்டயே பேசிக்க."

"அப்ப நீங்களும் வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்களாங்க?"

காளிச்சாமியின் மனைவி ராசாத்தாள் வைத்த காப்பியைத் தொடாமலே செங்கோட்டையன் எழுந்து போனார். செய்தது சரிதான் என்று காளிச்சாமி தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். என்றாலும் துரோகம் செய்துவிட்ட மாதிரிதான் இருந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து கிருபாசங்கர் வந்து அவர் எதிரில் உட்கார்ந்தான்.

"செங்கோட்டையண்ணன் வந்தாருன்னு அம்மா சொன்னாங்க. ஏனுங்கப்பா ஒண்ணுமே சொல்லாம உட்டுட்டீங்க?"

"நீ சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

"கோவத்துல சொல்லிப்போட்டேனுங்கப்பா. எப்படியும் நீங்க கூப்புட்டு என்னைத் திட்டுவீங்க, அவரைத் திரும்ப வரச்சொல்லுவீங்கன்னு போனையே பாத்துட்டிருந்தேனுங்க."

செங்கோட்டையனை வெறுங்கையோடு அனுப்பி மகனுக்குக் காப்பாற்றிக் கொடுத்த மரியாதை இவ்வளவுதானா என்றிருந்தது காளிச்சாமிக்கு.

"தப்புன்னு தெரிஞ்சா நீயே போய்க் கூப்புட வேண்டியதுதானே கண்ணு? கருமத்தம்பட்டில மக ஊட்டுல இருக்காராமா. இப்பவே போ."

கிருபாசங்கர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்தான். கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரைக்கும் போனவன், நின்று திரும்பினான்.

"போயி நான் என்னன்னு சொல்லட்டுங்கப்பா?"